டின்னின் அடியில் தங்கிய செம்பு

1

போன வெள்ளிக்கிழமை இங்கே பினாங்கில் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். நவராத்திரிக் கூட்டம். சுண்டலுக்குக் கை நீட்டி நின்றபோது, பக்கத்தில் நின்ற ஆச்சி என் விரல்களைப் பார்த்துவிட்டார். அவருக்குத் திருமயம் பக்கம் சொந்த ஊர்.

"மருதாணி நல்லாப் பத்தியிருக்கே! எலை எங்க கெடைச்சுது? நானும் தேடிக்கிட்டே இருக்கேன்."

"பக்கத்து வீட்டுல செடி இருக்குங்க, ஆச்சி" என்றேன்.

பக்கத்து வீட்டில் செடி எதுவும் கிடையாது. அது மருதாணியும் இல்லை. படகின் அடியில் பூசுகிற செம்புச் சாயம். கடலில் கிடக்கும் மரத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கவும், புழு துளைக்காமல் இருக்கவும் செம்புப் பொடியைக் கலந்து செய்கிற விஷச் சாயம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. ஆச்சி அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பிடி இலை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது என்று நினைக்கிறேன்.

கோயிலில் சொல்ல முடியாததை ஊர்ப் பத்திரிகையான இதில் எழுதுகிறேன். படிக்கிற நீங்கள் ஊரில் இருக்கிறீர்கள். என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

2

நான் கட்டுமாவடிக்காரி. புதுக்கோட்டையில் சின்னம்மா வீட்டில் தங்கி ஐந்தாவது வரை படித்ததால்தான் இதை எழுத முடிகிறது. எங்கள் அப்பாவுக்கு ஒரு வத்தை இருந்தது. பாய் கட்டி ஓடும் சின்ன மரப்படகு. எங்கள் பக்கத்துக் கடல் சேற்றுக் கடல், அலை கிடையாது. வத்தையை வருஷத்துக்கு ஒரு தடவை மணலில் ஏற்றி, ஒருக்களித்துச் சாய்த்து, அடியில் ஒட்டிய சிப்பியையெல்லாம் சுரண்டுவார்கள். பிறகு சுண்ணாம்பையும் சுறா எண்ணெயையும் குழைத்துக் கையாலேயே பூசுவார்கள். அந்த நாற்றம் மீன் ஏலம் போடுகிற இடம் வரை வரும்.

பெண்கள் வத்தையைத் தொடக் கூடாது. கஞ்சிப் பானையைக் கொண்டுபோய்த் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். எனக்கு ஏழு வயது இருக்கும்போது யாரும் பார்க்காத நேரத்தில் அந்த ஈரச் சுண்ணாம்பில் கையை வைத்து அழுத்திவிட்டேன். வழவழவென்று இருந்தது, அதனால்தான். மாமா பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் கரையே கூடிவிட்டது. தேங்காய் உடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, என் கை பட்ட இடத்தில் மறுபடியும் பூசினார்கள். அன்றைக்கு எனக்கு விழுந்த அடியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் வாங்குகிற அடிதான்.

கல்யாணமான மறு வருஷம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். என் வீட்டுக்காரர் எங்கள் ஊர்தான். எனக்கு முன்னாலேயே இங்கே வந்து படகுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வந்த புதிதில் பக்கத்து வீட்டு மலாய்க்காரி எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நான் கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். அவள் சிரித்துக்கொண்டே "மாலு, மாலு" என்பாள். எனக்கு மாலு என்று பெயர் வைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு மாதம் போல அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் "என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மலாய் மொழியில் மாலு என்றால் வெட்கம் என்று என் வீட்டுக்காரர்தான் பிறகு சொன்னார். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த நாளில் அவர் அப்படியெல்லாம் சிரிப்பார்.

3

ஜப்பான்காரன் காலத்தில் அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் பலர் வரவில்லை. அவர் வந்தார். அங்கே ஒரு காவல்காரன் மூங்கில் தடியால் அடித்ததில் இரண்டு தோளும் நொறுங்கி, வைத்தியம் பார்க்க ஆளில்லாமல் தாமாகவே கோணலாகக் கூடிக்கொண்டன. கையை மார்புக்கு மேலே தூக்க முடியாது. எதையும் இறுக்கிப் பிடித்துத் திருப்ப முடியாது. தட்டில் இருக்கும் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவார், அவ்வளவுதான். வெளியில் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பது அவர் பிடிவாதம்.

சண்டை முடிந்த பிறகு துறைமுகத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு, சயாமில் அடிபட்டவர்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். காவலாளி வேலை, சாவி வாங்கிக் கொடுக்கிற வேலை. நான்தான் நச்சரித்து அழைத்துப் போனேன். காலையிலிருந்து வரிசை. கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, எங்கள் முறை வந்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கையைத் தூக்கு" என்றார்.

பின்னால் ஐம்பது ஆண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். தலைக்கு மேலே! நெற்றியில் வேர்வை கொட்டியது.

"நல்லாத்தானே இருக்கு. அடுத்த ஆள்" என்றார் கிராணி.

வெளியே வந்து வாதாமரத்தடியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. "ஏங்க இப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டேன். "எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாய்ங்கள்ல" என்றார்.

அதன் பிறகு ஒரு சீனத் தவுக்கேயின் பட்டறையில் சேர்ந்தார். தவுக்கே என்றால் முதலாளி. கரையேற்றிய படகுகளின் அடியைச் சுரண்டிச் சாயம் பூசுகிற வேலை. உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையாலும் பிரஷைப் பிடித்து, பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் பூசுவார். கூட வேலை பார்த்த ஆள்தான் தூக்குவது, கலக்குவது எல்லாம். அந்த ஆள் ரப்பர் தோட்டத்து வேலை கிடைத்துப் போய்விட்டான். அங்கே ஆரம்பித்தது வினை.

4

எங்களுக்கு ஒரே மகள். செல்வி. கன்னிமார் நடத்துகிற கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் ஏழாவது படிக்கிறாள். அங்கே அவள் பெயர் சில்வியா ஆகிவிட்டது. நான் தமிழில் கேட்டால் பாதி மலாயிலும் பாதி இங்கிலீஷிலும் பதில் வரும். லீவு நாளில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகக் கூட வருவாள். ஆனால் தூக்குச் சட்டியோடு நான் நடந்தால், தெரியாதவள்போலக் கொஞ்சம் முன்னால் நடப்பாள். இவள் நம் கையை விட்டுப் போய்விட்டாள் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டியே வைத்திருந்தேன்.

பட்டறைக்கு வருகிற படகுகளில் ஒன்று, துறைமுக ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு துரையுடையது. ஒற்றைப் பாய்மரம், மூன்று பேர் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகளோடு ஓட்டுவார். அதன் அடிக்கு வெள்ளைச் சாயம்தான் வேண்டும் என்று முதலில் கேட்டாராம், அழகாக இருக்குமென்று. என் வீட்டுக்காரர், "வெள்ளை இந்தத் தண்ணியில நிக்காது சார், செம்பு சேந்த செவப்புதான் வேணும்" என்று மலாயில் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார். இவருக்கு இங்கிலீஷ் கேட்டால் புரியும், பேச வராது. பட்டாளத்தார் விட்டுப் போன சரக்கில் நல்ல செம்புச் சாயமாகப் பார்த்து, ஒரு பெரிய டின்னைத் துரையே வாங்கி வந்து கொடுத்தார். அதைத்தான் இவர் பூசினார்.

சில மாதம் கழித்து, பள்ளிக்கூட லீவில் ஒரு நாள், நானும் செல்வியும் சோறு கொண்டுபோனபோது அந்தப் படகைக் கரையேற்றியிருந்தார்கள். அடி முழுக்கப் பாசி தாடிபோலத் தொங்கியது. அதற்குள்ளே சிப்பி கொத்துக் கொத்தாக அப்பியிருந்தது. துரை ஒரு கம்பியால் பலகையைக் குத்தினார். புழு துளைத்த இடத்தில் கம்பி உள்ளே போனது.

தவுக்கே முகம் சிவந்து நின்றார். துரை தனக்குத் தெரிந்த மலாயில் என் வீட்டுக்காரரைக் கேட்டார். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாயத்தை எங்கே விற்றாய்? அதற்குப் பதில் எதைப் பூசினாய், சிவப்புத் தண்ணீரையா? திருடினாயா?

இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பட்டறை ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். தவுக்கே கதவுப் பக்கம் கையைக் காட்டினார். போய்விடு என்று அர்த்தம். இவர் சட்டையை எடுக்கப் போனார்.

இவர் திருடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்? அப்போதுதான் கொட்டகை ஓரத்தில் அந்த டின்னைப் பார்த்தேன். பூசி மிச்சமிருந்ததை மூடி வைத்திருந்தார்கள். தூக்கப் பார்த்தேன். அசைக்கவே முடியவில்லை. மூடியைத் திறந்தால், மேலே கொஞ்சம் சிவப்பு எண்ணெய். கையில் இருந்த கரண்டிக் காம்பை உள்ளே விட்டேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. அடியில் செங்கல்போல இறுகிக் கிடந்தது.

செம்பு எங்கேயும் போகவில்லை. டின்னுக்குள்ளேயே இருந்தது. அது கனமான சரக்கு, அடியில் போய்த் தங்கிவிடும். பூசுவதற்கு முன்னால் கிளறி, அடித்து, எண்ணெயோடு ஒன்றாகச் சேர்க்க வேண்டும். இவர் கையால் அது முடியவில்லை. மேலே நின்ற எண்ணெயை மட்டும் பூசியிருக்கிறார்.

5

டின்னை இழுத்துக்கொண்டு வந்து துரை முன்னால் வைத்தேன். எப்படி இழுத்தேன் என்று இப்போது நினைத்தாலும் தெரியவில்லை.

"செல்வி! தொரைகிட்ட சொல்லு. அப்பா திருடலை, செம்பு இந்தா இதுக்குள்ளதான் இருக்குன்னு சொல்லு. கலக்கறதுக்கு அப்பா கையில பலம் இல்லைன்னு சொல்லு. சயாம்ல ரெண்டு தோளையும் ஒடைச்சுப்புட்டாய்ங்க, கை வெளங்காமப் போச்சுன்னு சொல்லு."

"வேணாம் புள்ள" என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார். கையில் சட்டை இருந்தது.

நான் கேட்கவில்லை. "சொல்லுடி!" என்று கத்தினேன்.

செல்வி அப்பாவைப் பார்த்தாள். பிறகு துரையைப் பார்த்து இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். கடகடவென்று வெகுநேரம் பேசினாள். டின்னைக் காட்டினாள், அப்பாவைக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. துரையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து, டின்னுக்குள் கம்பியால் கிளறி, அடியிலிருந்து கட்டிச் சிவப்பாக ஒரு உருண்டையை எடுத்துப் பார்த்தார். கோபம் இறங்கியது தெரிந்தது. செல்வியிடம் விரலை ஆட்டி ஏதோ சொன்னார். தவுக்கேயும் சிரித்துவிட்டார். கை விளங்காதவனைப் பார்த்தா சிரிக்கிறீர்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துரை என் வீட்டுக்காரரிடம் போய், "சாரி, சாரி" என்று தோளில் ஓங்கித் தட்டினார். இவர் முகம் வெளுத்தது. ஆனால் அசையாமல் நின்றார்.

தோள் உடைந்தவன் என்று இப்போதுதானே சொன்னோம், அந்தத் தோளிலேயா தட்டுவது என்று நினைத்தேன். வெள்ளைக்காரர் வழக்கம் அப்படிப் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வேலை தப்பித்தது. திருடன் என்ற பேச்சும் போயிற்று. வீட்டுக்கு வந்தவர் சாப்பிட்டார், திரும்பிப் படுத்துக்கொண்டார். ஊர் முன்னால் தலை குனிந்து திருடனாகக்கூட நிற்பேன், கையில்லாதவனாக நிற்க மாட்டேன் என்று இருந்த மனிதரின் கையை நான் எல்லாருக்கும் காட்டிக் கொடுத்துவிட்டேன். சரியாகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

6

புழு தின்ற பலகையை மாற்றிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பூசுவதென்று ஏற்பாடு. "நானும் வாரேன்" என்று செல்வி தானாகவே கிளம்பினாள். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன்.

அதே சாயம்தான். முதல் நாளே என் வீட்டுக்காரர் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கச் சொல்லியிருந்தார். மேலே நின்ற எண்ணெயை வேறு டின்னில் வடித்தோம். அடியில் இருந்த கட்டியைத் துடுப்புக் கட்டையால் நானும் செல்வியும் மாற்றி மாற்றிக் குத்திக் கிளறினோம். கூழானதும் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சேர்த்தோம். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. அவர் பக்கத்தில் குந்தியிருந்து, "இன்னுங் கொஞ்சம். கட்டையைத் தூக்கிக் காட்டு. அந்தா, மூலையில கட்டி நிக்குது பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போது அவர் குரல் பழைய குரலாக இருந்தது.

பழைய சாயத்தைச் சுரண்டும்போது தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே சுரண்டினோம், அது மூக்கில் போனால் விஷம். படகைத் தாங்கிய முட்டுக்கட்டைகளை நகர்த்தி, அவை மறைத்திருந்த இடத்திலும் பூசினோம். பூசி நன்றாகக் காய்ந்துபோவதற்குள் படகு தண்ணீரில் இறங்கிவிட வேண்டும். வெயிலில் கிடந்தால் சாயத்தின் வேகம் போய்விடும். கடல் ஏறி வருவதற்குள் முடிக்க வேண்டியிருந்தது. படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்து பூசினேன். எங்கள் மாமா பார்த்திருந்தால் எத்தனை தேங்காய் உடைத்திருப்பாரோ!

செல்வி பிரஷ் கழுவ அந்தப் பக்கம் போயிருந்தாள். அவர் என்னைப் பார்க்காமல், படகைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒனக்கு இங்கிலீசு தெரியாமப் போனது நல்லதாப் போச்சு."

"ஏங்க?"

"அன்னைக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? அப்பா டின்னைக் கலக்கி வைக்கச் சொல்லிச்சு, நான் வெளையாட்டுப் புத்தியில கலக்காமலே கலக்கிட்டேன்னு பொய் சொல்லிட்டேன். அப்பா அதை நம்பிப் பூசிடுச்சு. என்னையக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னுதான் வாயைத் திறக்காம நிக்கிதுன்னு சொன்னா. சயாமைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. என் கையைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை."

நான் எழுந்து உட்கார்ந்தேன். தலை பலகையில் இடித்தது.

"நீங்க ஏன் அன்னைக்கே எங்கிட்டச் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது?" என்றார்.

செல்வி திரும்பி வந்ததும் கேட்டேன். "நான் சொல்லச் சொன்னதை ஏன்டி மாத்திச் சொன்னே?"

அவள் அன்றைக்குச் சுத்தமான தமிழில் பேசினாள். எங்கள் ஊர்த் தமிழ்.

"அப்பா வேணாம்னு சொல்லுச்சு ஆத்தா. நீதான் கேக்கலை."

7

இந்த மாதம் அந்தப் படகை மறுபடி கரையேற்றினார்கள். மூன்று பேரும் போயிருந்தோம். இப்போதெல்லாம் மூன்று பேரும்தான் போகிறோம். செல்வி சாயம் கலக்குவதைத் தவுக்கே வேடிக்கையாகப் பார்த்துவிட்டுப் போவார், சோம்பேறிப் பெண் திருந்திவிட்டாள் என்று.

படகின் அடி சுத்தமாக வந்தது. மெல்லிய பாசி மட்டும் படிந்திருந்தது, துடைத்தால் போகிற பாசி. ஒரு சிப்பி இல்லை. துரை கையால் தடவித் தடவிப் பார்த்தார். தன் பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் வேறு அழைத்து வந்திருந்தார். அடுத்த பூச்சில் நாங்கள் ஒரு பக்கம் முடித்திருந்தபோது, செல்வியைக் கூப்பிட்டுத் தன் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தி, அவள் தலையில் கை வைத்துப் பேச ஆரம்பித்தார்.

"என்னங்க சொல்றாரு?" என்றேன்.

என் வீட்டுக்காரர் குனிந்தபடியே சொன்னார். "தப்புப் பண்ணிட்டு அதை ஒத்துக்கிட்ட புள்ளையாம். தகப்பன் மேல பழி விழாமத் தானே முன்னால வந்து சொல்லுச்சாம். இப்பத் திருந்தி நல்லா வேலை பார்க்குதாம். நீங்களும் இந்தப் புள்ள மாதிரி இருக்கணும்னு அவரு மக்களுக்குச் சொல்றாரு."

துரையின் பிள்ளைகள் செல்வியை மேலும் கீழும் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தேங்க் யூ சார்" என்றாள். கலக்காத டின்னுக்கு மன்னிப்புக் கிடைத்த பிள்ளையாகவே நின்றாள்.

என் வீட்டுக்காரர் கையில் இருந்த பிரஷைக் கீழே வைத்தார். இரண்டு எட்டு முன்னால் போனார். "சார்" என்றார்.

துரை திரும்பினார். செல்வி அதற்கு முன்னாலேயே திரும்பிவிட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் சொன்னாள்:

"அப்பா, தண்ணி ஏறுது. அங்கிட்டு இன்னும் பூசலை, போங்க. ஆத்தா, நீயும் போ."

அவர் திரும்பி வந்து பிரஷை எடுத்துக்கொண்டார். நானும் டின்னைத் தூக்கிக்கொண்டேன். இரண்டு பேரும் படகின் மறுபக்கம் போய்க் குனிந்து பூச ஆரம்பித்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தில் துரை இன்னும் அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தது கேட்டது.